வைட்சாப்பல் வழக்கும் தீர்ப்பு எழுதிய நூல்களும்

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், துறைமுகத் தொழிலாளர்களும் போலந்து, ரஷ்யப் பகுதிகளிலிருந்து தப்பி வந்த யூதர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த வைட்சாப்பல் வட்டாரத்தில், 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31க்கும் நவம்பர் 9க்கும் இடைப்பட்ட பத்து வாரங்களில் ஐந்து பெண்கள் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர் என்பதும், அவர்களுள் நால்வரின் உடல்கள் சிதைக்கப்பட்டிருந்தன என்பதும், கொன்றவன் பிடிபடவில்லை என்பதும் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள். 'ஜாக் த ரிப்பர்' என்று பத்திரிகைகள் பரப்பிய பெயரால் அறியப்படும் அந்த ஆள் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் விடையாக முன்வைக்கப்பட்டுள்ளன. மரபணுச் சோதனை பரவலான பின்னர், 'வழக்கு முடிந்தது' என்ற அறிவிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துபோவது வழக்கமாகிவிட்டது. அந்த அறிவிப்புகளில் பயன்படுத்தப்படும் அறிவியல் பெரும்பாலும் நல்ல அறிவியலே. ஆனால் அது எந்தப் பொருளின்மீது, எந்த ஆவணத்தின்மீது செலுத்தப்படுகிறது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில், ஐந்து என்ற எண்ணே விசாரணையின் முடிவாகக் கிடைத்ததன்று. லண்டன் மெட்ரோபாலிடன் போலீஸின் 'வைட்சாப்பல் கொலைகள்' கோப்பில் 1888 ஏப்ரல் முதல் 1891 பிப்ரவரி வரை நடந்த பதினொரு கொலைகள் இடம்பெறுகின்றன. அவற்றுள் மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்டிரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய ஐவரை மட்டும் ஒரே கையால் மாண்டவர்களாகப் பிரித்துக் காட்டியவர்கள் இருவர். போலீஸுக்கு ஆலோசனை சொன்ன மருத்துவர் தாமஸ் பாண்ட், 1888 நவம்பர் 10 அன்று தந்த அறிக்கையில் இந்த ஐந்தையும் சேர்த்தார். ஆயினும் அவர் நேரில் பார்த்தது கெல்லியின் உடலை மட்டுமே, ஏனைய நான்கையும் பிற மருத்துவர்களின் குறிப்புகளைப் படித்தே மதிப்பிட்டார். இரண்டாமவர் மெல்வில் மக்நாட்டன். கொலைகள் நடந்து முடிந்து, 1889 ஜூனில்தான் காவல்துறையில் சேர்ந்த அந்த உயரதிகாரி, 1894 பிப்ரவரி 23 அன்று எழுதிய உட்குறிப்பில் 'ஐந்தே ஐந்து' என்று அடித்துச் சொன்னார். முப்பத்தொன்பது கத்திக்குத்துகளோடு ஆகஸ்ட் 7 அன்று கண்டெடுக்கப்பட்ட மார்த்தா டேப்ரம் இந்தக் கணக்கில் வரவில்லை. கழுத்து மட்டும் அறுபட்டு வேறு சிதைவு ஏதுமின்றிக் கிடந்த ஸ்டிரைட் வந்துவிட்டார். டேப்ரமைச் சேர்த்தாலோ ஸ்டிரைட்டை நீக்கினாலோ கொலை நாட்கள் மாறும், வரைபடத்தின் மையம் நகரும், சந்தேக நபர்களுள் சிலர் உள்ளே வருவர், சிலர் வெளியேறுவர். குற்றம் நடந்த இடங்களை வைத்துக் குற்றவாளியின் இருப்பிடத்தைக் கணிக்கும் 'புவியியல் குற்றவரைவு' என்ற முறை இவ்வழக்குக்குப் பொருத்தப்படும்போது, கணினி தரும் விடை ஓர் அதிகாரி 1894இல் போட்ட கணக்கின் மேலேயே நிற்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

மக்நாட்டனின் உட்குறிப்பு, ஒரு நாளிதழ் வேறொருவரைக் குற்றவாளியாகச் சுட்டியதை மறுப்பதற்காக எழுதப்பட்டது. அவரைவிடப் பொருத்தமானவர்கள் என்று மூன்று பெயர்களை அது தருகிறது. முதலாமவர் மான்டேகு ஜான் டிரூயிட், 1888 டிசம்பர் கடைசி நாளில் தேம்ஸ் ஆற்றில் பிணமாக எடுக்கப்பட்டவர். குறிப்பின் ஒரு படி அவரை நாற்பத்தொரு வயது மருத்துவர் என்கிறது. அவரோ முப்பத்தொரு வயது வழக்கறிஞர், பள்ளியொன்றில் ஆசிரியராகவும் இருந்தவர். மூன்றாமவரான மைக்கேல் ஆஸ்ட்ராக், கொலைகள் நடந்த காலத்தில் பிரான்சில் சிறையில் இருந்தது பின்னாளில் தெரியவந்தது. இரண்டாமவரான காஸ்மின்ஸ்கி என்ற போலந்து யூதர் 1889 மார்ச் வாக்கில் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டதாகக் குறிப்பு சொல்கிறது. அப்பெயருக்குப் பொருந்தும் ஆரன் காஸ்மின்ஸ்கி காப்பகத்தில் சேர்க்கப்பட்டது 1891 பிப்ரவரியில். மூன்று பெயர்களில் மூன்றுக்கும் அடிப்படைச் செய்தி பிழைபட்டிருக்கும் ஓர் ஆவணம், வேறெந்த வழக்கிலும் பழங்கதை என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

காஸ்மின்ஸ்கியின் பெயருக்கு வலுச் சேர்ப்பது இன்னொரு சான்று. அக்காலத்தில் துணை ஆணையராக இருந்த சர் ராபர்ட் ஆண்டர்சன், 1910இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்புகளில், குற்றவாளி ஒரு போலந்து யூதர் என்பது உறுதியான உண்மை என்றும், அவரை அடையாளம் காட்டிய ஒரே சாட்சி தானும் யூதர் என்பதால் சாட்சியம் சொல்ல மறுத்துவிட்டார் என்றும் எழுதினார். அந்நூலின் தம் சொந்தப் படியில், 1888இல் விசாரணைக் காகிதங்கள் அனைத்தையும் மேற்பார்வையிட்ட டொனால்ட் ஸ்வான்சன் பென்சிலால் 'காஸ்மின்ஸ்கி' என்று எழுதி வைத்திருந்தது 1987இல் வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கை உள்ளிருந்து அறிந்தவரின் கைக்குறிப்பு என்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இருக்கும் சான்றுகளில் இதுவே ஓரளவு கனமானது என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் அதே குறிப்பு, அந்த ஆள் காப்பகத்தில் சேர்ந்த சிறிது காலத்திலேயே இறந்துவிட்டார் என்கிறது. ஆரன் காஸ்மின்ஸ்கி 1919வரை உயிரோடு இருந்தார். அடையாளம் காட்டியவர் என்று பலர் கருதும் ஜோசப் லாவெண்டே, எடோஸ் கொல்லப்பட்ட இரவில் அவர் எனக் கருதத்தக்க ஒரு பெண்ணோடு ஓர் ஆண் நின்றதைக் கண்டவர்தான்; ஆனால் மறுபடியும் அவனைப் பார்த்தால் தம்மால் அடையாளம் சொல்ல இயலாது என்று மரண விசாரணையிலேயே கூறிவிட்டார். ஆண்டர்சனோ செப்டம்பர் மாதத்தின் பெரும்பகுதியை உடல்நலத்துக்காக சுவிட்சர்லாந்தில் கழித்தார். ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருபது ஆண்டுகள் கழித்துத் தோல்வியை வெற்றியாக நினைவுகூர்வது எந்த நாட்டுக் காவல்துறைக்கும் புதிதன்று.

காஸ்மின்ஸ்கி இருந்த காப்பகங்களின் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் தெரியும் மனிதர், பிறர் கையால் தரும் உணவை மறுத்து, சாக்கடையில் கிடந்த ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கித் தின்றவர். தம்மை இயக்கும் குரல்களைக் கேட்டவர். வேலை எதுவும் செய்யாதவர். தம் சகோதரியைக் கத்தி காட்டி மிரட்டினார் என்று ஒருவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. பிறருக்கு ஆபத்தானவரா என்ற கேள்விக்கு எதிரே இல்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் காப்பகங்களில் கழித்தவரைப் பற்றிய பதிவில் 1888ஆம் ஆண்டின் கொலைகளைச் சுட்டும் ஒரு வரியும் இல்லை.

கொலைகள் நடந்த காலத்தில் தடயவியல் இருந்த நிலையையும் நினைவில் கொள்ள வேண்டும். கைரேகைப் பிரிவு ஸ்காட்லாந்து யார்டில் தொடங்கியது 1901இல். ஒரு கறை மனித இரத்தமா விலங்கின் இரத்தமா என்று பிரித்தறியும் உலன்ஹுத் சோதனையும், இரத்த வகைகளைப் பற்றிய லாண்ட்ஸ்டைனரின் கண்டுபிடிப்பும் அதே ஆண்டில் வந்தவை. இறைச்சிக் கூடங்கள் நிறைந்த வைட்சாப்பலில் ஒருவர் சட்டையில் இரத்தக் கறை இருந்தால் அதற்கு எந்தப் பொருளும் சொல்ல முடியாத நிலை. கையிலிருந்த கருவிகளும் முறையாகப் பயன்படவில்லை. எடோஸின் ஏப்ரனிலிருந்து வெட்டப்பட்ட துண்டு கூல்ஸ்டன் தெருவில் கிடைத்தபோது, அதற்கு மேலே சுவரில் யூதர்களைக் குறித்துச் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்த வாசகத்தை, விடிந்தால் கலவரம் மூளும் என்று அஞ்சிய ஆணையர் சர் சார்லஸ் வாரன், புகைப்படம் எடுக்கும்வரை காத்திராமல் அழிக்கச் செய்தார். அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. தடயம் போனதும் போனதுதான். பின்னர் சிட்டி ஆஃப் லண்டன் போலீஸின் காகிதங்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்தது. மெட்ரோபாலிடன் போலீஸின் கோப்பிலிருந்து சந்தேக நபர்கள் பற்றிய தாள்கள் காணாமற்போயின. 'ரிப்பர்' என்ற பெயரை முதலில் தாங்கிவந்த கடிதமே எப்படியோ வெளியேறி, 1987இல் அனுப்பியவர் பெயரின்றித் தபாலில் திரும்பி வந்தது.

இத்தகைய வெற்றிடத்தில்தான் 2014இல் ஒரு பட்டுச் சால்வை பெரும் பரபரப்போடு வந்து சேர்ந்தது. ரஸ்ஸல் எட்வர்ட்ஸ் என்ற தொழிலதிபர் 2007இல் ஏலத்தில் வாங்கிய அச்சால்வை, எடோஸின் உடலருகே கிடந்ததாகவும், ஏமஸ் சிம்ப்சன் என்ற போலீஸ்காரர் அதைத் தம் மனைவிக்காக எடுத்துச் சென்றதாகவும், துவைக்கப்படாமலே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்டிருந்ததாகவும் குடும்பக் கதை ஒன்று உண்டு. லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் யாரி லோஹெலய்னென் அதிலிருந்த கறைகளை ஆராய்ந்து, ஒன்று எடோஸின் பெண்வழி வம்சத்தவரோடும் மற்றொன்று காஸ்மின்ஸ்கியின் சகோதரியின் வம்சத்தவரோடும் ஒத்துப்போவதாகக் கூற, எட்வர்ட்ஸ் தம் நூலில் வழக்கை முடித்துவைத்தார்.

சால்வையைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புமுன் அனுப்பியிருக்க வேண்டிய இடம் ஆவணக் காப்பகம். எடோஸ் கொல்லப்பட்ட மைட்டர் சதுக்கம் சிட்டி போலீஸின் எல்லைக்குள் வருவது. சிம்ப்சன் மெட்ரோபாலிடன் போலீஸைச் சேர்ந்தவர், அவர் அங்கே அன்றிரவு இருந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. அதைவிட முக்கியமானது, எடோஸின் உடலிலும் பைகளிலும் இருந்த ஒவ்வொரு பொருளையும் சிட்டி போலீஸார் எழுதிவைத்த பட்டியல். கறுப்பு வைக்கோல் தொப்பி, ஆணுடைய வெள்ளை உட்சட்டை, கழுத்தில் சிவப்பு மெல்லிய பட்டுத் துண்டு, களிமண் புகைக்குழாய் இரண்டு, தேயிலை வைத்த தகரப்பெட்டி, சர்க்கரை வைத்த தகரப்பெட்டி, காலியான தகரத் தீப்பெட்டி, சீப்பு, விரலுறை, சோப்புத்துண்டு என்று அது நீள்கிறது. கடுகு டப்பா ஒன்றில் இரண்டு அடகுச் சீட்டுகள் இருந்தன. ஒன்று ஆணின் கம்பளிச் சட்டைக்கு, மற்றொன்று எடோஸுடன் வாழ்ந்த ஜான் கெல்லியின் காலணிகளை இரண்டரை ஷில்லிங்குக்கு அடகு வைத்ததற்கு. கென்டில் ஹாப் கொடி பறிக்கும் கூலி வேலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி, காலை உணவுக்காகத் துணைவனின் காலணியை அடகுக் கடைக்கு அனுப்பியவரிடம் எட்டடி நீளப் பட்டுச் சால்வை இருந்திருந்தால், முதலில் அடகுக்குப் போயிருப்பது அதுவாகத்தான் இருக்கும். பட்டியலில் சால்வை இல்லை. அது கொலையாளியுடையது என்று சொல்லித் தப்பிக்கும் வாதம் எட்வர்ட்ஸின் நூலில் உண்டு. அப்படியானால் கறுப்பு வைக்கோல் தொப்பியை எழுதியவர்கள் உடலருகே கிடந்த எட்டடித் துணியை ஏன் எழுதவில்லை என்பதற்கு விடை இல்லை.

அறிவியல் பகுதிக்கு வந்தால், சோதிக்கப்பட்டது மைட்டோகாண்ட்ரியா மரபணு. செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள இந்த மரபணுப் பகுதி தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வருவது. பழைய பொருட்களிலும் சிதையாமல் கிடைப்பது இதன் வசதி, ஒரே தாய்வழியில் வந்த ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவாக இருப்பது இதன் எல்லை. இதைக் கொண்டு ஒருவரை விலக்கலாம். இவர்தான் என்று சுட்ட முடியாது. 2014இல் எடோஸின் அடையாளத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது '314.1சி' என்ற மிக அரிதான மாற்றம், 2,90,000 பேரில் ஒருவருக்கு மட்டும் அமைவது என்றார்கள். மரபணு ரேகை முறையைக் கண்டறிந்த சர் அலெக் ஜெஃப்ரீஸ் உள்ளிட்ட வல்லுநர்கள் சில வாரங்களிலேயே சுட்டிக்காட்டியபடி, முறையான எண்ணிக்கையில் அது '315.1சி' என்று எழுதப்பட வேண்டியது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் இருப்பது. ஓர் இலக்கப் பிழை அனைவருக்கும் பொதுவான ஒன்றை எவருக்கும் இல்லாத ஒன்றாக ஆக்கிவிட்டிருந்தது.

2019இல் இதே ஆய்வு 'ஜர்னல் ஆஃப் ஃபொரென்சிக் சயன்சஸ்' என்ற தடயவியல் ஆய்விதழில் வெளிவந்தபோதும் மரபணு வரிசை எழுத்துகளாகத் தரப்படவில்லை. தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காரணம் காட்டி வண்ணக் கட்டங்களாக வரையப்பட்டிருந்தது. மைட்டோகாண்ட்ரியா வரிசையை வெளியிடுவதால் எவருடைய அந்தரங்கத்துக்கும் பங்கம் வராது என்று இன்ஸ்புரூக் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வால்டர் பார்சன் மறுத்தார். 2024இல் அவ்விதழே அக்கட்டுரைமீது 'கவலைக் குறிப்பு' வெளியிட்டது. அதாவது, கட்டுரையைத் திரும்பப் பெறாமல், அதன் முடிவுகளை நம்புவதில் எச்சரிக்கை தேவை என்று வாசகருக்கு இதழாசிரியர் விடுக்கும் அறிவிப்பு. மூலத் தரவுகள் இப்போது கிடைக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் கையாண்ட துணியில் யாருடைய தோலும் எச்சிலும் படிந்திருக்கக்கூடும் என்ற பழைய ஐயம் இதற்கும் முந்தையது.

மரபணுச் சோதனை பழைய வழக்குகளுக்கு உதவாது என்பது இதன் பொருளன்று. பாஸ்டன் நகரில் 1962 முதல் 1964 வரை நடந்த பெண் கொலைகளில் கடைசியான மேரி சல்லிவன் கொலையின் தடயங்கள் காவல்துறையின் பொறுப்பிலேயே பாதுகாக்கப்பட்டிருந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 2013இல், சிறையில் இறந்துபோன ஆல்பர்ட் டிசால்வோவின் உடலைத் தோண்டியெடுத்து ஒப்பிட்டபோது ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்தியது. பொருள் யார் யார் கையில் எப்போது இருந்தது என்பதற்கான இடையறாத பதிவை நீதிமன்றங்கள் 'கைமாற்றுத் தொடர்' என்று கேட்கின்றன. பாஸ்டனில் அது இருந்தது, சால்வைக்கு இல்லை. அத்தனை உறுதியான பொருத்தமும் சல்லிவனின் கொலையை மட்டுமே நிறுவியது, டிசால்வோமீது சாற்றப்பட்ட பதினொன்றில் ஏனைய பத்து கொலைகள் இன்னும் விவாதத்தில்தான் உள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் பட்ரிசியா கார்ன்வெல், பெரும் பொருட்செலவில் 2002இல் எட்டிய முடிவு வேறொரு வகையான தாவலைக் காட்டுகிறது. ஓவியர் வால்டர் சிக்கர்ட்டே கொலையாளி என்ற அவருடைய நூலின் தலைப்பிலேயே 'வழக்கு முடிந்தது' என்ற சொற்கள் உண்டு. சான்று, ரிப்பர் பெயரில் வந்த கடிதமொன்றின் தபால்தலைப் பசையில் கிடைத்த மைட்டோகாண்ட்ரியா மரபணு சிக்கர்ட் தொடர்பான கடிதங்களில் கிடைத்ததோடு ஒத்துப்போனது. சிக்கர்ட் 1942இல் எரியூட்டப்பட்டவர் என்பதால் அவருடையதே என்று உறுதியாகச் சொல்லத்தக்க மாதிரி இல்லை. இந்தப் பொருத்தம் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் அமைவது என்று தாராளமாக ஏற்றுக்கொண்டாலும், நாற்பது லட்சம் பேர் வாழ்ந்த அன்றைய லண்டனில் அப்படிப்பட்டவர்கள் நாற்பதாயிரம் பேர். காவல்துறைக்கும் பத்திரிகைகளுக்கும் வந்த நூற்றுக்கணக்கான கடிதங்களில் பெரும்பாலானவை விளையாட்டுக்கும் விஷமத்துக்கும் எழுதப்பட்டவை என்பதையும், பெயர் சூட்டிய முதல் கடிதமே ஒரு செய்தி நிறுவனத்துப் பத்திரிகையாளரின் கைவரிசை என்று அன்றைய அதிகாரிகள் கருதினர் என்பதையும் கணக்கில் கொண்டால், சிக்கர்ட் ஒரு கடிதம் எழுதினார் என்று நிறுவப்பட்டாலும் கொலைக்கும் அவருக்கும் இடையே உள்ள தூரம் அப்படியே இருக்கும். அந்தக் கோடையின் பிற்பகுதியில் அவர் பிரான்சின் கடற்கரையில் இருந்தார் என்று அவர் தாயார் எழுதிய கடிதமும் இருக்கிறது.

கொலைகளுக்குப் பின்னால் அரச குடும்பச் சதி இருந்தது என்ற கதைக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஸ்டீஃபன் நைட் 1976இல் எழுதிப் பெரும் விற்பனை கண்ட அந்நூலுக்கு ஆதாரமான கதையைச் சொன்னவரே, இரண்டே ஆண்டுகளில் அது தாம் புனைந்தது என்று நாளிதழில் ஒப்புக்கொண்டார். 1992இல் லிவர்பூலில் வெளிப்பட்ட, பருத்தி வணிகர் ஜேம்ஸ் மேப்ரிக்கின் 'நாட்குறிப்பு' அதைவிடச் சுவையானது. முன்பக்கங்கள் கிழிக்கப்பட்ட பழைய ஒட்டுப்புத்தகத்தில் எழுதப்பட்டிருந்த அதில் 'தகரத் தீப்பெட்டி, காலி' என்ற தொடர் அப்படியே வருகிறது; எடோஸின் உடைமைப் பட்டியலில் போலீஸ்காரர் எழுதிய அதே சொல்லமைப்பு, 1980களில்தான் அச்சில் வந்தது. கொலைகாரன் தன் நாட்குறிப்பில் காவல்துறையின் சரக்குப் பட்டியல் நடையில் எழுதினான் என்று நம்பவும் ஆட்கள் இருந்தனர்.

அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்படும் பெயர் சார்லஸ் லெக்மியர். நிக்கல்ஸின் உடலை வேலைக்குப் போகும் வழியில் முதலில் கண்ட வண்டிக்காரரான அவர் மரண விசாரணையில் தம் வளர்ப்புத் தந்தையின் குடும்பப்பெயரான கிராஸ் என்பதைச் சொன்னதே அவர்மீதான குற்றச்சாட்டின் அச்சாணி. வீட்டு முகவரியையும் வேலையிடத்தையும் சரியாகச் சொன்ன ஒருவர் பெயரை மட்டும் மறைத்து எதைச் சாதித்திருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது. கொலை நடந்த இடங்கள் அவர் வேலைக்குச் செல்லும் வழியிலும் தாயார் வீட்டுப் பக்கமும் இருந்தன என்பது உண்மைதான். ஒரு சதுர மைல் வட்டாரத்தில் வாழ்ந்து உழைத்த எந்த வண்டிக்காரருக்கும் அது பொருந்தும்.

இம்முயற்சிகள் அனைத்திலும் ஒரே வரிசை காணப்படுகிறது: முதலில் பெயர், பிறகு அதற்குப் பொருந்தும் சான்று, பொருந்தாதவற்றுக்குச் சமாதானம். பெயர் சுமத்தப்பட்டவர்கள் மறுத்துப் பேச இயலாதவர்கள் என்பதால் இது செலவில்லாத விளையாட்டாகத் தோன்றலாம். 1888இலேயே அதற்கு விலை இருந்தது. 'தோல் ஏப்ரன்' என்ற பட்டப்பெயரோடு ஒரு யூதனே கொலைகாரன் என்று பத்திரிகைகள் எழுதியதும், ஜான் பைசர் என்ற காலணித் தொழிலாளி செப்டம்பர் 10 அன்று கைதாகி, பின்னர் சாப்மனின் மரண விசாரணையில் நிரபராதி என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டியதாயிற்று. அவருக்குக் கிடைத்த அந்த அறிவிப்பு, அதே தெருக்களில் வாழ்ந்து, மனநோயோடு காப்பகத்தில் மாண்ட காஸ்மின்ஸ்கிக்குக் கிடைக்க வழியில்லை.

ஆவணங்களை வேறு திசையில் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் வெளியிட்ட 'த ஃபைவ்' என்ற நூல் சான்று. கொலையாளியைத் தேடாமல், கொல்லப்பட்ட ஐவரின் வாழ்க்கையைத் திருமணப் பதிவு, ஏழைகள் விடுதிப் பதிவு, நீதிமன்றப் பதிவு ஆகியவற்றின் வழியே எழுதிய அவர், இவர்கள் அனைவரும் பாலியல் தொழிலாளர்கள் என்ற நூறாண்டுக் கால வாய்பாட்டை உடைத்து, குறைந்தது மூவருக்கு அதற்கான நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். குடிப்பழக்கம், முறிந்த மணவாழ்வு, ஒரு படுக்கைக்கான நாலு பென்னி இல்லாமல் தெருவில் கழிந்த இரவு ஆகியவையே அவர்களை இணைத்தன என்று காட்டினார். நூலின் அந்தப் பகுதி உறுதியானது. ஆனால் ஐவருள் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்ற அவருடைய முடிவை, சாட்சியங்களை வரிவரியாகப் படித்தவர்கள் ஏற்கவில்லை. கொலைக்குச் சில நிமிடங்கள் முன்பு ஓர் ஆணோடு நின்ற பெண்ணை லாவெண்டே கண்டார், அவர் அணிந்திருந்த உடை எடோஸுடையது என்று மரண விசாரணையில் அடையாளமும் சொன்னார். கொலையாளியைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன் என்று தொடங்கிய நூலும், அவன் எப்படிக் கொன்றான் என்ற இடத்தில் ஆவணம் தராத ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.